ஸுஹைறா கீறிய இரட்டைக் கோடு

கல்முனையில் கம்ப்யூட்டர் படிப்பிக்கும் ஸுஹைறாவைப் போல டேட்டாபேஸுக்குப் படம் கீற ஆளில்லை. சும்மா சொல்லவில்லை. “முதல்ல படம், பொறகுதான் கம்ப்யூட்டர்” என்று வகுப்பில் பிள்ளைகளை அதட்டுவாள். விபரம் சேர்க்க வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. இரண்டு பெட்டிகளுக்கு இடையிலான உறவுக்கு நடுவில் ஒரு சாய்சதுரம், இணைக்கக் கோடு. ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்குப் பலவா என்பதைக் கோட்டின் மேல் எழுத வேண்டும். உறவு கட்டாயம் இருந்தே ஆக வேண்டுமென்றால் கோடு இரட்டைக் கோடாகும்.

பள்ளிவாசல் மஹல்லாவின், அதாவது அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த ஊராரின், குடும்ப விபரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றக் கேட்டபோதும் அப்படித்தான் கீறினாள். குடும்பம், ஆள், வீடு, மூன்று பெட்டிகள். குடும்பத்துக்கு ஒரு தலைவர், தலைவர் ஆண். அங்கே போட்டாள் இரட்டைக் கோடு! பள்ளிவாசல் சந்தா காலகாலமாக ஆம்பிளைகளின் பெயரில்தானே எழுதப்படுகிறது? ஆனால் இந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அவள் இருந்ததும் உம்மா கொடுத்த வீட்டில்தான். யானைக்கும் அடி சறுக்கும்.

அப்போது கணவன் அஸ்பாக் கூட இருந்தான். பிறகு தலாக் சொல்லிவிட்டுப் போய்விட்டான். வீட்டில் அவளும் மகள் அம்ஹாவும் மிஞ்சினார்கள். இத்தாக் காத்திருப்புக் காலம் முடிந்ததும் குடும்ப விபரத்தைத் திருத்தப் பள்ளிவாசல் அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் மீராமுகைதீன் தட்டித் தட்டிப் பார்த்தார். ஆண் தலைவர் இல்லாத குடும்பத்தைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை.

“உன்னையும் புள்ளையையும் தம்பி றினாஸ்ட குடும்பத்தில போட்டிரிக்கன் புள்ள.”

“காக்கா, எனக்கு வீடு இரிக்கி. நான் உழைச்சித் திங்கிறன். நான் ஏன் தம்பிக்குக் கீழ?”

“நான் என்ன செய்ய? நீதானேகா கீறின?”

யா அல்லாஹ்! அவர்மேல் வந்த கோபம் பாதி வழியில் தன்மேலேயே திரும்பியது. தன் சொந்த வீட்டில் தானொரு குடும்பமில்லை என்று தன் கையாலேயே கீறிக் கொடுத்திருக்கிறாளே!

வீட்டுக்குப் போய் அந்தக் கோட்டை அழித்தாள். தலைவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம் என்று புதுப்படம் கீறினாள். பள்ளிவாசல் நிர்வாக சபையும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. அவளுக்கே நம்ப முடியவில்லை. ஆனால் மீராமுகைதீன் ஒரு தாளை நீட்டினார்.

“ஒரு குடும்பத்திலிரிந்து பிரியிறதெண்டா அந்தக் குடும்பத் தலைவர்ட ஒப்பம் வேணும் புள்ள. றினாஸ்ட எடுத்துக்கொண்டு வா.”

மனைவி வீட்டு முற்றத்தில் நின்ற றினாஸ் தாளை வாங்கி முழுவதும் வாசித்தான். கெட்டவனல்ல, அக்காள்மேல் உயிரையே வைத்திருப்பவன்.

“என்ன அவசரம் ராத்தா?” என்றான். “உங்களுக்கு நல்ல மாப்பிள்ளையொண்டு பாத்திரிக்கன். அவர்ட பேரிலயே மாத்துவமே.”

ஒப்பமிடாத தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.