கழிவு இரும்பு, ஒரு தொகுதி

மோட்டார் வாகனமொன்றின் எஞ்சின் மாற்றப்பட்டால், புதிய எஞ்சினின் இலக்கத்தையும் கொள்ளளவையும் உரிமையாளர் தாமதமின்றி எழுத்தில் அறிவிக்க வேண்டும். அலுவலகம் அதைப் பரிசீலித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும். இதுதான் விதி. முன்பாதியை மீறுகிறவனுக்குத் தண்டனை உண்டு. பின்பாதியை மீறுகிறவனுக்குச் சம்பளம் உண்டு.

வேறொரு திணைக்களத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக அந்தச் சம்பளத்தை வாங்கியவன் என்பதால் இதை வாயில் வந்தபடி சொல்லவில்லை. ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையில் பழைய ஜப்பான் லொறி ஒன்றை வாங்கினேன். பதிவு என் பெயரில். ஓட்டுவது என் தங்கையின் கணவர். நகரத்து ஐஸ் தொழிற்சாலையில் ஏற்றி, சல்லி என்ற மீனவக் கிராமத்தில் கொஞ்சம் இறக்கி, மீதியைக் குச்சவெளிக் கரைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. அதை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. எனக்கும் அவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காது. தங்கைக்கு எங்கள் இருவரையுமே பிடிக்காது.

ஒருநாள் நிலாவெளி தாண்டுமுன் லொறி நின்றுவிட்டது. சிலிண்டர் சுவரில் வெடிப்பு. ஒயிலோடு தண்ணீர் கலந்து, வடித்தபோது பால்தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. ஐஸ் முழுவதும் தெருவில் உருகி ஓடியது.

"அதே அளவு எஞ்சின் போட்டுப் பிரயோசனம் இல்லை, மச்சான்," என்றார் தங்கையின் கணவர். "முழுச்சுமை ஏத்தினா அதுக்கு இழுக்க ஏலாது. பெரிசாப் போடுவம்."

"பெரிசாப் போட உம்மிட்ட காசு இருக்கோ?"

"அது இருந்தா நான் ஏன் உங்கட லொறியை ஓட்டுறன்?"

அந்த வாரம் என் பழைய திணைக்களத்தின் களஞ்சியத்தில் கழித்த பொருட்களை ஏலம் விட்டார்கள். மூலையில் ஒரு ஜெனரேற்றர் கிடந்தது. அதன் செப்புக்கம்பிகளை யாரோ முன்பே உருவிவிட்டிருந்தார்கள். எஞ்சினை உருவ அவர்களுக்குப் பலம் போதவில்லை போலும். எங்கள் லொறி எஞ்சினுக்கு அதே குடும்பத்து அண்ணன் அது: லொறியினது மூன்று லீற்றர் சொச்சம், இது நான்குக்குக் கிட்ட. ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஏலம் கேட்க விதி தடையாக இல்லை, பார்த்துவிட்டுத்தான் போனேன். பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது.

சீனன்குடா வீதியில் கொட்டகை வைத்திருந்த கிண்ணியாக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனோம். மெக்கானிக் என்பதால் எல்லோரும் அவரைப் பாஸ் என்பார்கள். அவர் எஞ்சினைச் சுற்றி வந்து, காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"சேர், இது எஞ்சினில்ல, மய்யத்து."

"எழுப்ப ஏலுமோ ஏலாதோ? அதைச் சொல்லும்."

"எழுப்பலாம். ஆனா உங்கட லொறிட பாதி சாமான இதுக்குக் குடுக்கணும். பொறகு அது வேணும் இது வேணும் எண்டு என்னோட சண்டைக்கு வரப்படாது."

எஞ்சினின் உடம்பான புளொக்கும் அதற்குள் சுழலும் கிராங்கும் ஜெனரேற்றருடையவை. ஜெனரேற்றர் ஒரே வேகத்தில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. அதன் டீசல் பம்பை வைத்து லொறி ஓட்டமுடியாது. ஆகவே பம்ப் லொறியுடையது, பெரிய எஞ்சினுக்குப் போதுமான டீசல் விடும்படி சரிசெய்தது. அடியிலுள்ள ஒயில் தட்டும் லொறியுடையதே. ஜெனரேற்றரின் தட்டு முன் அச்சில் முட்டியது. சிலிண்டர்கள் தேய்ந்திருந்த அளவுக்கு ஒரு படி கடைந்தால் போதும். ஆனால் கொழும்பில் மலிவாகக் கிடைத்தவை, யாரோ சொல்லிவைத்து எடுக்காமல் விட்ட, இரண்டு படி பெரிய பிஸ்டன்கள். ஆகவே இரண்டு படி கடைந்தோம். சிக்கனம் பார்க்கப் பார்க்க எஞ்சின் பெருத்துக்கொண்டே போனது.

பழைய ரேடியேற்றர் இந்தப் பெரிய உடம்புக்குப் போதாது என்று பாஸ் சொன்னார். போதும் என்றார் மச்சான். முதல் ஓட்டத்தில் உப்புவெளி போகுமுன் கொதித்தது.

"நான் சொன்னா ஆரு கேக்கிற? பெரிய றைவர்," என்றார் பாஸ்.

"நீர் ஒழுங்காப் பூட்டியிருந்தா ஏன் கொதிக்குது?"

கழித்த பஸ்ஸொன்றின் ரேடியேற்றரை வாங்கிப் பொருத்தியபின் கொதிப்பு நின்றது. அவர்கள் இருவரும் அன்றிலிருந்து என் மூலமாகத்தான் கதைத்தார்கள். ஆனால் எஞ்சின் ஓடியது. முழுச்சுமையுடன் குச்சவெளிக்கு ஒரு மூச்சில் போனது. அதை மறுப்பதற்கில்லை.

மிச்சமிருந்தது புளொக்கில் பொறித்திருந்த ஜெனரேற்றர் எஞ்சினின் இலக்கம். பாஸ் ஓர் அரத்தையும் இலக்க அச்சுகளையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"சேர், இத ராவிட்டு லொறிட பழைய நம்பர அடிச்சா பத்து நிமிசம். எழுதிக் கேட்டா பத்து மாசம்."

"அது குற்றம்."

"இந்தக் கரையில ஓடுற லொறியெல்லாத்தையும் அப்ப புடிக்கணும்."

"பிடிக்கத்தான் வேணும்," என்றேன். மச்சான் வெளியே போய் நின்றார்.

வருடாந்தத் தகுதிப் பரிசோதனையில் எஞ்சின் இலக்கம் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். பரிசோதனையில் தேறாவிட்டால் வருமான அனுமதிப்பத்திரம் இல்லை. அது இல்லாமல் லொறி தெருவில் ஏறக்கூடாது. அனுமதிப்பத்திரம் முடிய இரண்டு மாதம் இருந்தது. விதிப்படி எழுதினால் இரண்டு மாதம் தாராளம் என்று கணித்தேன். ஆறு இணைப்புகளுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஐந்து வாரம் ஒரு பதிலும் இல்லை. மோட்டார் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் ஏல ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஐயா, இது எஞ்சின் வாங்கின ரசீது இல்லையே. 'கழிவு இரும்பு, ஒரு தொகுதி' எண்டெல்லோ கிடக்கு."

"அந்த இரும்புதான் எஞ்சின்."

"அப்பிடிப் பாத்தா இந்த அலுமாரியும் இரும்புதான், ஐயா. எஞ்சின் இலக்கத்தைப் போட்டு, வித்த திணைக்களத்திட்ட ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ."

அந்த வாசகத்தை அந்தத் திணைக்களத்துக்குக் கொடுத்தவன் நானே. முன்பொருமுறை, ஏலத்தில் போன தண்ணீர்ப் பம்பொன்றின் இலக்கம் பிழை என்று கணக்காய்வுக்காரர் என்னை மூன்று மாதம் அலைக்கழித்தார். அதன்பிறகு ஒரு சுற்றறிக்கை விட்டேன்: கழித்த பொருளுக்கு இலக்கம் எழுதக்கூடாது, எல்லாம் கழிவு இரும்பு. இலக்கம் எழுதினால் எவனாவது ஒருநாள் வந்து அதைப் பற்றிக் கேட்பான். விற்ற பொருளைப் பற்றிப் பின்னர் கடிதம் எதுவும் கொடுக்கவும் கூடாது. நல்ல சுற்றறிக்கை. அதன்பின் ஒருவரும் வந்து கேட்கவில்லை, நானே கேட்கப் போகும்வரை.

என் கதிரையில் இப்போது இருப்பவர் என்னிடம் எழுதுநராக வேலை பழகியவர். எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் ஒரு கோப்பைத் திறந்து என் கையெழுத்தை எனக்கே காட்டினார்.

"சேர், குடுக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள்."

"நான் எழுதினதை நீர் இரத்துச் செய்யலாம். உமக்கு அந்த அதிகாரம் இருக்கு."

"எதுக்கும் எழுதித் தாங்கோ, சேர். பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' எனக்குத் தெரியும். ஆயிரம் பேருக்கு நானே சொன்னதுதான். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டபோது அறையலாம் போலிருந்தது. எழுதிக் கொடுத்தேன். இரண்டு நினைவூட்டல்கள். மூன்றாவதை, அவருக்கு மேலேயிருந்த எல்லோருக்கும் பிரதியிட்டு அனுப்பினேன். அதற்குள் அனுமதிப்பத்திரம் முடிந்துவிட்டது. லொறி என் வளவில் நின்றது. ஐஸ் ஏற்றத் தொழிற்சாலைக்காரர் இரண்டு கிழமை பொறுத்தார். மூன்றாம் கிழமை வேறு லொறி பிடித்தார்.

அன்று மச்சான் வந்தார். உட்காரவில்லை. லொறித் திறப்பை மேசையில் போட்டார்.

"உங்கட சட்டத்தை இனி நீங்களே ஓட்டுங்கோ."

"இன்னும் கொஞ்ச நாள்தான். கடிதம் வரும்."

"கடிதத்தை ஆரு தின்னுறது, மச்சான்? பிள்ளையளோ?"

மறுவாரம் யாரோ ஒருவரின் தண்ணீர் பௌசரை ஓட்டப் போய்விட்டார். தங்கை அதன்பின் ஒரேயொரு முறைதான் வந்தாள். "அண்ணா, ஒரு நம்பரை மாத்தி அடிச்சிருந்தா நீங்கள் செத்தே போயிருப்பியள்?" என்று கேட்டாள். அது குற்றம் என்று அவளுக்கும் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். படலையைச் சாத்தாமல் போனாள்.

மூன்றாவது நினைவூட்டல் வேலை செய்தது. அந்தத் தொகுதியில் இன்ன இலக்கமுடைய எஞ்சின் அடங்கியிருந்ததென ஒற்றை வரிக் கடிதம் வந்தது. அன்றே கொண்டுபோய்க் கவுண்டரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் வாங்கினேன். பிறகு மறுபடியும் காத்திருந்தேன்.

இறுதியில் பதில் வந்தது. கொள்ளளவு மாற்றம் அனுமதிக்கப்படுகிறது. வாகனத்தை அலுவலகத்துக்கு ஓட்டி வந்து காட்டவும். அனுமதிப்பத்திரம் இல்லாத வாகனத்தைத் தெருவில் ஓட்டக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியாத விதியல்ல. அதற்கு ஒரு தற்காலிக அனுமதி உண்டு, எடுத்துவிடலாம். ஓட்ட ஆள் வேண்டும். மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கடிதம் வந்திட்டுது," என்றேன்.

"எனக்கு இப்ப வேலை இருக்கு," என்றார். "வேற ஆளைப் பாருங்கோ."

கடிதத்தில் இட்டிருந்த திகதி மே இருபத்தெட்டு. என் கைக்கு அது கிடைத்தது யூன் ஒன்பதாம் திகதி. எழுதி முடித்த கடிதத்தைப் பன்னிரண்டு நாள் மேசையில் வைத்திருந்தவருக்கும் சம்பளம் உண்டு.