எவ்வளவு தூரம் பாயும்?

தீயணைப்பு நிலையத்தில் தண்ணீர்க் குழாய் பிடித்தே ஓய்வு பெற்றவர், கை ஷவர் வாங்கப் போனார். பழக்க தோஷம் யாரை விட்டது? பூப்போல விழுகிற ஷவர்களை ஒதுக்கிவிட்டு, "இது எவ்வளவு தூரம் பாயும்?" என்று கேட்டார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

வாங்கி வந்ததை வீட்டில் வாஷர் வைத்துக் குளியலறைக் குழாயில் திருகினார். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. மனைவியைக் குழாயருகே நிறுத்தினார். காலை அகட்டி, இரு கையாலும் ஷவரைப் பிடித்து, "திற!" என்று கத்தினார்.

தண்ணீர் குளியலறை வாசலைத் தாண்டி, எதிரே சமையலறையில் எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அணைஞ்சிடுச்சு. இனியாவது குளிக்கிறீங்களா, இல்ல மாடியில யாராவது மாட்டிக்கிட்டாங்களான்னு பாக்கணுமா?"