ஏழு பேருக்கு ஒரே சட்டை

அந்த மனிதரின் இடது புருவத்தை இரண்டாக வெட்டியிருந்த தழும்பை அழிக்க எனக்கு நான்கு நிமிடம்தான் ஆனது. அழித்த இடத்தில் புருவ மயிரை ஒவ்வொன்றாக வரைந்து சேர்க்க இன்னும் பத்து நிமிடம். முடித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். தழும்பு இருந்த சுவடே இல்லை. அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அப்போது நான் கணியம்பாடியில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைனராக இருந்தேன். சொந்த ஊர் ஜவ்வாது மலையில். அப்பாவுக்குச் சாமைக் கொல்லையும் நான்கு புளியமரமும் உண்டு. பிளஸ் டூ முடித்ததும் வேலூரில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்தேன். முப்பது பேருக்கு எட்டு கம்ப்யூட்டர். பாதி நாள் அடுத்தவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுதான் பாடம். மீதியைப் போனில் கற்றேன். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் சிக்னல் எடுக்கும். அங்கே நின்று வீடியோக்களை இறக்கிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஏழெட்டு முறை பார்ப்பேன். பின்னணியை வெட்டி எடுப்பது, ஒருவர் தலையை இன்னொரு உடம்பில் பொருத்துவது, முகத்தை வழவழப்பாக்குவது. பாடம் சொல்பவர் இந்தியில் பேசினாலும் திரையில் அந்த அம்புக்குறி போகும் பாதையைப் பார்த்தே பிடித்துக்கொள்வேன்.

கடையில் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாமே என் கையால்தான் போகும். நன்றாக வந்த வேலைகளைத் தனியாக ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைப்பேன். சென்னைக் கம்பெனிகளுக்கு வேலை கேட்டு அனுப்ப அதுதான் என் கையிருப்பு.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அந்த ஆள் வந்தார். வெள்ளைச் சட்டை, நாற்பது வயதிருக்கும். வண்டியைக் கடை முன்னால் நிறுத்தாமல் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். போனை நீட்டினார். ஏழு ஆண்களின் படங்கள். ஒருவர் வெற்றுடம்போடு, ஒருவர் தோளில் துண்டோடு. எல்லோருக்கும் பின்னால் ஒரே மண்சுவர். சுவர் ஓரம் பாயில் புளி காய்ந்தது.

“பாஸ்போர்ட் சைஸ் போடணும்மா. எல்லாருக்கும் ஒரே மாரி சட்டை போட்டு உடு. பார்க்க டீசன்ட்டா இருக்கணும்.”

“இன்னா வேலைக்குங்க?”

“மாங்காத் தோப்பு. சித்தூர் பக்கம். அங்க கார்டு குடுப்பாங்க.”

மாசியில் எந்த மரத்தில் மாங்காய் பறிப்பார்கள்? மலையில் பிறந்த எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. “எங்க மலை ஆளுங்க மாரி இருக்காங்களே” என்று மட்டும் சொன்னேன். அவர் போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

“உனக்கு எந்த ஊரு?”

சொன்னேன். அதன்பிறகு அவர் எனக்குப் பின்னாலேயே நின்றார்.

நீலச் சட்டை ஒன்றை ஏழு கழுத்துக்கும் பொருத்தினேன். நான்காவது முகத்துக்கு வந்ததும் அவர் விரலை நீட்டித் திரையைத் தொட்டார். “இத்த எடுத்துடு. மூஞ்சில ஒரு அடையாளமும் இருக்கக் கூடாது.”

எடுத்தேன். தோலையும் கொஞ்சம் வெளுப்பாக்கினேன். அதை அவர் கேட்கவில்லை, நானாகச் செய்தது. பிரிண்ட் வந்ததும் அவர் சொன்னார்: “போட்டோவெல்லாம் அழிச்சிடு. என் கண்ணு முன்னாடி அழி.”

முதலாளியைப் பார்த்தேன். “சொல்றத செஞ்சு குடும்மா. நமக்கு இன்னாத்துக்கு மத்தது?” என்றார். ஏழு பேரின் மூலப் படங்களையும் முடித்த படங்களையும் அழித்தேன். கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொல்லி, அது காலியாகும்வரை அவர் நகரவில்லை. ஆனால் அந்த நான்காவது முகத்தின் முடித்த படம் ஒன்று, அவர் பிரிண்டர் பக்கம் திரும்பியிருந்தபோதே என் ஃபோல்டருக்குள் போயிருந்தது. அவருக்குத் தெரியாது. அந்த வாரமே அதையும் மற்ற வேலைகளையும், எதில் என்ன அழித்தேன் என்று குறிப்பெழுதி, சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினேன். பத்து நாளில், ஆனியில் நேர்காணலுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. அனுப்பியவற்றில் அந்த முகம்தான் அவர்களுக்குப் பிடித்திருந்ததாம்.

சித்திரை பாதியில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். மலையில் தங்கிப் படிக்கும் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்த அக்கா. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கையில் எங்கள் கடைப் பெயர் அச்சடித்த போட்டோ கவர்.

“நீ இங்கயா வேலை செய்யிற?” என்றாள். கவரிலிருந்து படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “இது எங்க வூட்டுக்காரரு. ஆனா இது அவுரு இல்ல.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

பங்குனிக்கு மேல் அவரிடமிருந்து போன் இல்லை. கூட்டிப்போன ஆளின் நம்பரும் அணைந்துவிட்டது. அக்காவும் அவள் தம்பியும் ஆந்திரா பக்கம் மூன்று ஆஸ்பத்திரி, இரண்டு போலீஸ் ஸ்டேஷன் ஏறி இறங்கியிருக்கிறார்கள். காட்ட அவர்களிடம் இருந்தது அந்த ஆள் மிச்சம் என்று கொடுத்துவிட்டுப் போன இந்த ஒரு படம்தான். கல்யாணப் படம் சுவர் ஈரத்தில் உரிந்துபோயிருந்தது. அவருடைய போன் அவரோடு போயிருந்தது.

“வார்டு உள்ள உட மாட்டேன்னுட்டாங்க. படத்த வாங்கிப் பார்த்துட்டு இப்பிடி ஒரு ஆளு இல்லேன்னுட்டாங்க. எப்பிடி இருப்பாங்க? அந்தத் தழும்பு எங்க போச்சு?”

“நான்தான்க்கா எடுத்தேன்.”

திட்டுவாள் என்று நினைத்தேன். படத்தை என் பக்கம் தள்ளினாள். “அப்ப திருப்பி வெய்யி” என்றாள்.

திருப்பி வைக்க என்னிடம் எதுவும் இல்லை. அழித்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டுத் தேடினேன். அந்த இடத்தில் இரண்டு மாதத்துக் கல்யாண பேனர்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. இருந்தது என் ஃபோல்டரில் கிடந்த வெளுத்த முகம் ஒன்றுதான். “போலீஸ் கேஸ் கீஸ் ஆவும். கடைக் கம்ப்யூட்டர்ல வேணாம்மா” என்றார் முதலாளி. என் பழைய லேப்டாப்பில் படத்தை ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை அமிர்தி வழியாக மலை ஏறினேன்.

அக்கா வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலின்மேல் லேப்டாப்பை வைத்தேன். அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதலில் நீலச் சட்டையை எடுக்கச் சொன்னாள். அந்த நிறத்தில் அவரிடம் சட்டையே கிடையாதாம். “அவுரு இவ்ளோ செவப்பு இல்ல” என்றாள். நிறத்தை இறக்கிக்கொண்டே வந்தேன். தன் கையை நீட்டி, “இத்தவிட ஒரு சொட்டு கறுப்பு” என்றாள். பிறகு தழும்பு.

“இன்னும் மேல ஏத்து. ரொம்ப நேரா போட்டுட்ட. பலா மரத்துலருந்து விழுந்தா நேராவா கிழியும்?”

அழித்தேன், மறுபடி வரைந்தேன். அவள் தன் நெற்றியில் விரலால் கோடிழுத்துக் காட்டினாள். அந்தக் காயத்துக்கு ஒரு மாதம் தினமும் மருந்து கட்டியவள் அவள். அதன் ஒவ்வொரு வளைவும் அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. புருவத்தில் எவ்வளவு இடம் மயிர் முளைக்காது என்றுகூடச் சொன்னாள். நான்கு நிமிடத்தில் எடுத்ததைத் திருப்பி வைக்க அரை நாள் ஆனது. வெயில் கட்டில் வரை வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் அவள் பேசுவதை நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

“வந்துட்டாரு” என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன், எங்களைச் சுற்றி ஊர்ப் பெண்கள் கூடியிருந்தார்கள். சத்தம் போடாமல் எவ்வளவு நேரம் நின்றார்களோ. அவர்களில் ஒருத்தி கேட்டாள்: “எங்க வூட்டுக்காரரும் அந்த ஏழு பேர்ல ஒருத்தரும்மா. அவுரு படம் வெச்சிருக்கியா?”

இல்லை என்று சொன்னேன். அவள் நான் தேடிப் பார்ப்பேன் என்பதுபோல நின்றுகொண்டே இருந்தாள். “கொஞ்சம் பாரேன்” என்றாள். இல்லாத ஃபோல்டரைத் திறந்து தேடுவதுபோல நடித்தேன். என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

படத்தின் கீழே விவரத்தையும் அக்காவின் நம்பரையும் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் ஒரு வார்டில் துப்புரவு வேலை செய்யும் அம்மாள் அக்காவைப் போனில் கூப்பிட்டார். பெயர் தெரியாதவர் என்று எழுதிப் படுக்க வைத்திருந்தார்களாம். தலையில் அடி, வலது கை முறிவு. அது அக்கா ஏற்கெனவே போய் நின்ற ஆஸ்பத்திரி. அவள் வாசலில் நின்று பேசியபோது அவர் உள்ளே இருந்திருக்கிறார்.

அவர் திரும்பி வந்தார். வலது கை விரல்கள் மடங்காது. எங்கே போனார்கள், எந்தக் காட்டில் செம்மரம் வெட்டினார்கள், யார் அடித்தார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. மற்ற ஆறு பேரில் மூன்று பேர் ஆந்திரா ஜெயிலில் இருந்து மழைக்கு முன் வந்தார்கள். மீதி மூன்று பேரைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. படம் கேட்ட பெண்ணின் கணவர் அந்த மூவரில் ஒருவர்.

ஒருநாள் புது நம்பரிலிருந்து போன் வந்தது. குரல் எனக்குத் தெரிந்ததுதான், அந்த வெள்ளைச் சட்டை ஆளுடையது. “மலையில நல்லா வேலை செஞ்சியாமே” என்றார். “உங்கப்பா சந்தைக்கு எந்த பஸ்ல போறாரு, எந்த பஸ்ல வர்றாருன்னு எனக்குத் தெரியும்மா.” அதற்குமேல் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். முதலாளிக்கும் போன் போயிருக்க வேண்டும். மறுநாள் அவர் என் முகத்தைப் பார்க்காமல், “கொஞ்ச நாளைக்கு வராதம்மா” என்றார். அப்பாவைச் சந்தைக்குப் போக விடாமல் அம்மா இரண்டு மாதம் ஏதேதோ காரணம் சொல்லித் தடுத்தாள்.

சென்னைக் கம்பெனியின் நேர்காணலில் அந்த முகத்தைத் திரையில் போட்டு, எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். படிப்படியாகச் சொன்னேன். இதை இனி யாருக்கும் காட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. வேலை கிடைத்தது. துணிக்கடை விளம்பரங்களில் வரும் பெண்களின் கன்னங்களைச் சரிசெய்கிறேன். மூலப் படங்களை மட்டும் அழிப்பதில்லை. அதற்கென்றே ஒரு டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

போன மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் தன் கணவனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏதோ கம்பி கட்டும் வேலைக்கு வெளியூர் போகிறானாம். “எங்கங்க?” என்று கேட்டேன். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் மறுபடி கேட்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களோடு வந்து நின்றார்கள்.

வெளிச்சம் சரியாக விழும் இடத்தில் அவனை நிறுத்திப் படம் எடுத்தேன். நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. உள்ளங்கை, முழங்கையில் இருந்த மச்சம், காதுமடல். முதல் படத்துக்கு அவன் பல் தெரியச் சிரித்தான்.

“சிரிக்காதீங்க” என்றாள் அவன் மனைவி. “நேரா பாருங்க.”