லத்தீனுக்கு நாலு நாள்

இன்று பிரெஞ்சு பேசும் ஊரான பியர்பொன்ட்ஸில் மகள் வீட்டில் இருந்தேன். பேத்தியை வீட்டிலேயே படிப்பிக்கப் போகிறாளாம். இரண்டு செவ்வியல் பாடத்திட்டங்களைக் காட்டினாள்.

"அப்பா, நீங்கள் பள்ளிக்கூட மாஸ்டரல்லோ, எது நல்லமெண்டு சொல்லுங்கோ."

இரண்டிலும் கிரேக்கக் கதைகள், மனனம், வாரத்தில் நாலு நாள் லத்தீன். மனனம் நல்லதுதான், வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை கணக்குக்குப் பயப்படாது. அதைச் சொல்லிவிட்டு, "தமிழ் எந்த நாள் பிள்ளை?" என்று கேட்டேன்.

"நேரமில்லையப்பா. பேந்து பாப்பம்."

பேத்தி பிரெஞ்சில் கேட்டாள்: "லத்தீன் பேசினவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்களா?"

"ஓம் குஞ்சு," என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அப்படியென்றால், தாத்தா செத்த பிறகு தமிழும் பாடத்தில் வருமா?"

மகள் சட்டென்று அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

பதில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மாஸ்டருக்குத் தெரியவில்லை.