தண்ணீர் எங்கே நிற்கும்

என் கணவர் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கள்ளக்குறிச்சி நீதிமன்றத்துக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவர் அதே நீதிமன்றத்தில் வக்கீல். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, பட்டா மாற்றம் என்று மண்ணைச் சுற்றியே அவர் பிழைப்பு. மதியம் சாப்பிட வந்தவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"நிக்கலாம்னு இருக்கேன்."

"இன்னாத்துக்குங்க? கேக்கறதுக்குத்தான் கோர்ட்டு இருக்குதே."

"கோர்ட்ல ஒரு ஆளுக்காகத்தான் கேக்க முடியும்."

அதற்கு மேல் நான் என்ன சொல்வது? சோற்றைப் போட்டேன். குழம்பு ஊற்ற மறந்து போனேன். அவரும் கவனிக்காமல் நாலு வாய் வெறும் சோறாகவே சாப்பிட்டார்.

எங்கள் தொகுதி பாதி மலை, பாதி தரை. மேலே கல்வராயன் மலைக் கிராமங்கள். கீழே அடிவாரத்து ஊர்கள். நான் பிறந்த ஊரும் அடிவாரத்தில்தான். அங்கே என் அப்பாவும் தம்பியும் கரும்பும் மக்காச்சோளமும் வைக்கிறார்கள். ஏரி வறண்டு, தம்பி போட்ட போர்வெல்லும் காற்றைத்தான் கக்கியது. வீட்டுக்குப் போன போதெல்லாம் அந்தப் பேச்சுதான்.

அதனால் நோட்டீஸில் முதல் வாக்குறுதி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. மலையிலிருந்து இறங்கும் ஓடையில் அணை கட்டி, அடிவாரத்து ஏரிகளை நிரப்புவது. அடுத்தது மலையில் ராத்திரியும் தங்கியிருக்கும் டாக்டர். அதை நான் சொல்லிச் சேர்த்தேன். அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் இருக்கும் சாராயக் கடையை மூடுவது, மக்காச்சோளத்தை அரசே கொள்முதல் செய்வது, மலைக்காரர்களுக்குப் பட்டா, மலைக்கு இன்னும் பஸ். என் கடையிலேயே அடித்து என் கடையிலேயே நகல் எடுத்தோம். சின்னமாக ஜன்னல் கிடைத்தது. "ஜன்னலுக்கு ஓட்டுப் போட்டா காத்து வரும்" என்று பிள்ளைகள் ஜீப்புக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடின.

அடிவாரத்தில் அவர் பேச்சு நன்றாக எடுபட்டது. சித்திரை வெயில். காய்ந்த ஏரிக்குள் நின்று, வெடித்துக் கிடக்கும் மண்ணைக் கையில் எடுத்து, "இதுல மறுபடியும் தண்ணி நிக்க வேணாமா?" என்று கேட்பார். ஆண்கள் துண்டைச் சுழற்றுவார்கள். என் ஊர்க் கூட்டத்தில் அப்பா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம மாப்ள" என்று சொன்னது என் காதில் விழுந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கோ கை சும்மா இருக்கவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கி முறுக்கி அது கயிறு மாதிரி ஆகிவிட்டது.

பிறகு மலைக்குப் போனோம். வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்ப எனக்குக் குமட்டியது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே ஏறினேன். வெள்ளிமலை தாண்டி ஒரு கிராமத்தில் எங்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த ஊர் வார்டு உறுப்பினர். என் வயதுதான் இருக்கும். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய மண் கால்களில் அப்படியே இருந்தது. நோட்டீஸை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"வக்கீல் சார், அணை கட்டுவீங்களா?"

"ஆமாம்மா. நல்லா கெட்டியா கட்டணும்."

"கட்டினா தண்ணி எங்க நிக்கும்?"

அவர் அவள் கையிலிருந்த நோட்டீஸைக் குனிந்து பார்த்தார். நாங்கள் எல்லாரும் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். அது எங்கே நிற்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

"வாங்க, காட்டறேன்" என்று அவள் முன்னால் நடந்தாள்.

ஓடை வரைக்கும் இறக்கம். செருப்பு வழுக்கியது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். கீழே மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஒரு பள்ளம். அதில் அடுக்கடுக்காகக் கொல்லைகள். மரவள்ளி, சாமை, நடுவில் சில ஓட்டு வீடுகள், ஒரு புளியமரத்தடியில் கல்லுக்கு மஞ்சள் பூசி வைத்த அம்மன். ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"இங்கதான் சார் நிக்கும்" என்றாள் வார்டு உறுப்பினர். "இந்த வூடு, அந்தக் கொல்ல, அம்மன், எல்லாம் உள்ள போயிடும்."

"பட்டா இருக்குதாம்மா?" என்று இவர் கேட்டார். கேட்டபோதே பதில் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து கேட்டுக்கினு இருக்கோம். காட்டு எடம்னு சொல்றாங்க."

பட்டா இல்லாத நிலம் முழுகினால் நஷ்டஈடாகக் கைக்கு ஒன்றும் வராது. வந்தாலும் பேருக்குத்தான் வரும். அவர் தினமும் நீதிமன்றத்தில் பார்க்கிற சங்கதி இது. திரும்பி ஏறும்போது மூச்சு வாங்கியது.

மலைக் கூட்டத்தில் அவர் பேசினார். டாக்டரைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, பட்டாவைப் பற்றி. அணையைப் பற்றி மட்டும் பேசவில்லை. கைதட்டினார்கள். வார்டு உறுப்பினர் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்ப்பதும் மரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

மறுநாள் கீழே சின்னசேலம் பக்கம் ஒரு கூட்டம். அங்கே கேட்டார்கள், இவரும் அணை கட்டுவேன் என்றார். அதே குரல், அதே கை வீச்சு. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, இறங்கி, தண்ணீர் வாங்கி, குடிக்காமல் மறுபடி ஏறினேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் அவர் கடைக்கு வந்தார். பத்திர நகலுக்காக ஒரு கிழவர் காத்துக்கொண்டிருந்தார். இவர் மெதுவாகச் சொன்னார்: "மலைக்கு மட்டும் வேற நோட்டீஸ் அடிச்சிடு. மொத பாயிண்ட் இல்லாம."

நான் விசைப்பலகையில் கை வைத்தேன். எடுத்தேன்.

"தரைக்கு ஒண்ணு, மலைக்கு ஒண்ணாங்க?"

"எல்லாரும் செய்றதுதான்."

"எல்லாருக்காகவும் கேக்கத்தான நிக்கறேன்னு சொன்னீங்க?"

"ஜெயிச்சா பேசிக்கலாம். இப்ப இன்னாத்துக்கு வம்பு? ரெண்டு பக்கமும் ஓட்டு வேணும்."

"நான் அடிக்க மாட்டேன். வேற கடையில அடிச்சிக்கங்க."

கிழவர் எழுந்து, "நான் அப்பறமா வரேன்மா" என்று நழுவப் பார்த்தார். "உக்காருங்கய்யா, இதோ முடிஞ்சிது" என்று சொல்லி அவருடைய நகலை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் கோணலாக விழுந்தது. இவர் வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றார். நடந்தார். நின்றார். நான் கடைக்குள் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தார். "சரி, ஒரே நோட்டீஸ். அணை வேணாம்னு எழுதினா ஏரிக்கு இன்னா வழி சொல்றது? உங்க அப்பா மொகத்துல எப்படி முழிக்கிறது?"

எனக்கு ஒன்று தெரியும். மழைக்காலத்தில் அந்த ஓடை அடிவாரத்துக்கு வராமல் இல்லை. வரும், புரண்டு வரும். ஆனால் ஓடையிலிருந்து ஏரிக்குப் போகும் வரத்து வாய்க்கால்தான் இப்போது வாய்க்காலாக இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதைத் தாண்டப் பலகை போட்டிருந்தார்கள். பிறகு ஒரே எட்டில் தாண்டினோம். பிறகு தாண்டுவதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கத்து நிலங்களும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து அதை விழுங்கிவிட்டன. அதில் எங்கள் கரும்புக் கொல்லையும் ஒன்று.

சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"உங்க கொல்லையுமா?"

"எங்களுதும்தான். அதுதான் ஜாஸ்தி."

"எழுதட்டுமா?"

கடைக்கு வெளியே ஷேர் ஆட்டோக்காரன் என் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தான். அப்பா ஞாபகம் வந்தது. "நம்ம மாப்ள" என்று சொன்ன அந்தக் குரல்.

"எழுதுங்க" என்றேன்.

அன்றைக்கே புது நோட்டீஸ் அடித்தோம். மலை மக்களைக் கேட்காமல் அணை கிடையாது, முதலில் பட்டா. ஏரிகளுக்கு வரத்து வாய்க்கால்களை மீட்டுத் தூர் வாருவது, யாருடைய நிலமாக இருந்தாலும். "யாருடைய நிலமாக இருந்தாலும்" என்பதை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

என் ஊரில் இரண்டாவது கூட்டம் சாயங்காலம் நடந்தது. அதே ஏரிக்கரை, அதே முன் வரிசை. இவர் சுற்றி வளைக்கவில்லை. மலைக்குப் போனதைச் சொன்னார், பார்த்ததைச் சொன்னார். "போன தடவ இதே எடத்துல அணை கட்டறேன்னு சொன்னேன். தப்பு. யோசிக்காம சொல்லிட்டேன்" என்றார். அப்புறம் வாய்க்காலைப் பற்றிச் சொன்னார்.

கூட்டத்தில் சலசலப்பு. என் தம்பி எழுந்தான்.

"மாமா, அந்த வாய்க்காலு எங்க போவுதுன்னு தெரிஞ்சிதான் பேசறீங்களா?"

"தெரியும் மாப்ள. உங்க கரும்புக்குள்ள போவுது."

யாரோ பின்னால் சிரித்தார்கள். யாரோ விசில் அடித்தார்கள். அப்பா மெதுவாக எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவிலேயே வழி விலக்கிப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அப்பா..."

"உன் புருஷனுக்கு யாரு சொன்னது?"

"நான்தாம்பா சொன்னேன்."

நின்று திரும்பினார். "ஓட்டு கேக்க வந்தீங்களா, வூட்டக் கெடுக்க வந்தீங்களா?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் போன பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அப்பா பின்னால் வீட்டுக்குப் போவதா, கூட்டத்துக்குத் திரும்புவதா என்று தெரியவில்லை. கடைசியில் ஜீப்பில் போய் உட்கார்ந்தேன்.

மலையில் அதே நோட்டீஸைக் கொடுத்தோம். வார்டு உறுப்பினர் இந்த முறையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள், கடைசி வரி வரைக்கும். "கீழயும் இதேதான் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். அவள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் எல்லாருக்கும் வரக்காப்பி கொடுத்தாள்.

ஓட்டு எண்ணும் நாளில் அவர் எண்ணும் இடத்துக்குப் போய்விட்டார். நான் கடையைத் திறந்தேன். ஒரு வேலையும் ஓடவில்லை. கூட்டினேன், மறுபடியும் கூட்டினேன், காகிதக் கட்டுகளை இடம் மாற்றி வைத்தேன், ஃபோனைப் பார்த்தேன். மதியத்துக்கு முன்னாலேயே அவர் வந்துவிட்டார். டெபாசிட் போய்விட்டது. மலையில் அந்த ஊரிலும் சுற்றி இருந்த ஊர்களிலும் ஜன்னலுக்கு நன்றாக விழுந்திருந்தது. என் ஊரில் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் என் அம்மாவுடையது ஒன்று என்று நினைக்கிறேன். நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"பசிக்குது" என்றார் அவர். அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் வாய்தாவுக்கான வழக்குக் கட்டை எடுத்துப் பிரித்தார். எப்படி முடிகிறது இந்த ஆளுக்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்பா என்னிடம் பேசவில்லை. அம்மா ஃபோனில் பேசுவாள். பின்னால் அவர் இருமும் சத்தம் கேட்கும். "அப்பா எப்படி இருக்காரு?" என்றால், "இருக்காரு" என்பாள். பொங்கலுக்குப் போனபோது இலையில் உட்கார்ந்தவர் என்னைக் கண்டதும் எழவில்லை, ஆனால் வேகவேகமாகச் சாப்பிட்டார். அந்த ஊரில் இருந்த வரைக்கும் நான் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மாலை பஸ்ஸுக்கே திரும்பிவிட்டேன்.

அடுத்த ஐப்பசியில் நல்ல மழை. தம்பி ஃபோன் செய்தான்.

"அக்கா, ஏரிக்குக் கொஞ்சம் தண்ணி வந்துக்கினு இருக்குது."

"எப்படிடா?"

"கரும்பு வெட்டினப்பறம் ஓரத்துல கொஞ்சம் ஜேசிபி வுட்டேன். பக்கத்துக் கொல்லக்காரன் வுடல. நம்ம பக்கம் மட்டும்தான்."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"ரெண்டு நாளு எங்கூடப் பேசல. இன்னிக்கு மம்பட்டிய எடுத்துக்கினு போயி கரைய வெட்டிச் சரி பண்ணிக்கினு இருக்காரு. நீ ஒண்ணும் கேக்காத."

நான் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அப்பாவும் நானும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மற்றதெல்லாம் இப்போது பேசுகிறார். மழை, விலைவாசி, என் பிள்ளைகளின் படிப்பு என்று பேசுகிறார். அந்த வாய்க்கால் பேச்சின் ஓரத்தில் எப்போது காலை வைத்துவிடுவேனோ என்று எனக்கு இன்னும் பயம்தான்.

ஜெயித்தவர் அணை கட்டுவதாகத்தான் சொல்லியிருந்தார். மலையில் அளவுக்காரர்கள் வந்து கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பள்ளத்து வீடுகளுக்குப் பட்டா கேட்டு என் கணவர் வழக்குப் போட்டிருக்கிறார். வாய்தா நாளில் வார்டு உறுப்பினர் முதல் பஸ்ஸில் இறங்கி வருவாள். போன வாரமும் வந்தாள். நீதிபதி விடுப்பு என்று தள்ளி வைத்துவிட்டார்கள். என் கடையில் வந்து உட்கார்ந்து டீ குடித்தாள்.

"அடுத்த தடவ சார் நிப்பாரா அக்கா?"

"தெரியலம்மா. நீ நில்லேன்."

அவள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நின்னா தரையில எனக்கு யாரு ஓட்டுப் போடுவாங்க?" என்று கேட்டாள். நான் டம்ளரை எடுக்கும்போதே மலை பஸ் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.