நிக்கலைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த இரண்டு வரி

அறுபதுகளின் கடைசியில், குரோம்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் கெமிஸ்டாக இருந்தேன். ஆமணக்கெண்ணெயை மெழுகு மாதிரி இறுக வைப்பதுதான் அங்கே வேலை. எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் தூளைக் கலந்து, ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துவோம். நிக்கல் இல்லாவிட்டால் நாள் முழுக்க வாயு விட்டாலும் எண்ணெய் எண்ணெயாகவே கிடக்கும். இருந்தால் சில மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். நிக்கல் மட்டும் போட்டபடியே வெளியே வரும். எல்லாவற்றையும் நடத்திவைத்துவிட்டுத் தான் எதிலும் ஒட்டாமல் விலகிக்கொள்ளும் அந்தச் சாமர்த்தியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கல்லூரியில் படித்தது கண்ணெதிரே நடக்கிறது என்ற கர்வம் வேறு.

எண்ணெய் சூடாக இருக்கும்போதே வடிகட்டிவிடுவோம். வடிதுணியில் தங்கும் கருப்பு நிக்கல் வண்டலைச் சுரண்டி எடுத்து, அடுத்த முறைக்குச் சேர்த்துவைக்க வேண்டும். அதைச் செய்தவர் இரும்புலியூரிலிருந்து வரும் ஓர் அக்கா. கணவர் இல்லை. அவர் சம்பளத்தில்தான் இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஒருநாள் மேனேஜரிடம் கையுறை கேட்டிருக்கிறார். அவசியமா என்று மேனேஜர் என்னைக் கேட்டார். அவசியமில்லை என்றேன். பிறகு அக்கா என்னிடமே வந்தார்.

“இன்னா சார், இந்தக் கருப்பு கையில பட்டா ஒண்ணும் ஆவாதா?”

“எண்ணெயில போட்டது போட்டபடியே வெளியே வருதே, நீங்கதானே தினமும் எடுக்கிறீங்க? உங்க கையை மட்டும் என்னக்கா பண்ணிடப்போகுது?” என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வருஷத்துக்குள் அவர் விரலிடுக்கெல்லாம் அரிப்பு. பிறகு கொப்புளம், வெடிப்பு, நீர்க்கசிவு. கந்தலைச் சுற்றிக்கொண்டு சில வாரம் சுரண்டினார். கரண்டியைப் பிடிக்கவே முடியாமல் போனதும், இது வேலையால் வந்ததா என்ற பேச்சு எழுந்தது. வேலையால் வந்த நோய் என்றால் ஆலை அவருக்கு வேறு வேலை கொடுத்தாக வேண்டும். மேனேஜர் என் அபிப்பிராயத்தை எழுத்தில் கேட்டார். நிக்கல் வினையில் செலவாவதில்லை, ஆகவே அது தோலைப் பாதிக்க வாய்ப்பில்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்று சொல்லிக்கொள்ளவாவது ஒரு சாக்கு இருந்திருக்கும். உன் ரத்தம்தான் சரியில்லை, கை ஆறினால் வா என்று அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து, தாம்பரத்தில் ஒரு நண்பனுக்காகக் கல்லூரி நூலகத்தில் காத்திருந்தபோது, தொழிற்சாலை நோய்கள் பற்றிய ஒரு புத்தகத்தைப் பொழுதுபோகாமல் புரட்டினேன். நிக்கலுக்கு ஒரு பக்கமே ஒதுக்கியிருந்தார்கள். கையில் அரிப்பு, கொப்புளம், வெடிப்பு, எல்லாம் வரிசையாக இருந்தது. உடம்பு ஒருமுறை அதை ஆகாது என்று எடுத்துக்கொண்டால் பிறகு லேசாகத் தொட்டாலும் திரும்ப வரும் என்றும் இருந்தது. நான் படித்த பாடம் எண்ணெய்க் கலனுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். வியர்த்த கைக்கு அது என்ன செய்யும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காத மடையன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே இரும்புலியூருக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அக்கா கையில் வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ரத்தத்தில் ஒரு குறையுமில்லை, அந்தக் கருப்புதான் காரணம், தப்பாக எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்று சொன்னேன். மேனேஜருக்கு மறுபடி எழுதுகிறேன் என்றும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் கேட்டது வேறு.

“அப்ப கை ஆறிடுச்சின்னா அந்த வேலைக்கு வரலாமா சார்?”

“வரக்கூடாதுக்கா. தொட்டா திரும்ப வரும். எத்தனை வருஷம் ஆனாலும் வரும்.”

அவர் கையிலிருந்த வேப்பிலைப் பூச்சை ஒரு துணியால் துடைத்தார்.

“ரத்தம் கெட்டுக்கீதுன்னு சொன்னதால அஞ்சு மாசமா கத்திரிக்கா, கருவாடு எதுவும் தொடல சார். இன்னும் ரெண்டு மாசம் வாயைக் கட்டினா ஆறிடும், அம்மா வேலைக்குப் போய்டுவேன்னு பொண்ணுங்ககிட்ட சொல்லிகினு இருந்தேன்.”