மாமா வந்தால் தடிக்கும்

கண்ணுகளா, கடையில் நான் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. அப்பா பரீட்சைக்குப் படிக்கிறார் என்று கடைக்காரர் முன்னாலேயே கிண்டல் வேறு. சிரியுங்கள். எனக்கு நிலக்கடலை ஆகாது என்பதை எங்கள் வீட்டில் கண்டுபிடிப்பதற்குள் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

அப்போது குன்னூருக்குப் பக்கத்தில் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவின் அண்ணன், என் மாமா, கோயமுத்தூர்ப் பக்கமிருந்து மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வருவார். அவருக்குப் பிள்ளை கிடையாது. வரும்போதெல்லாம் கடலை உருண்டை வாங்கி வந்து, என்னை மடியில் உட்காரவைத்துப் பிட்டுப் பிட்டு ஊட்டுவார். கொஞ்ச நேரத்தில் எனக்கு உதடு வீங்கும். உடம்பெல்லாம் வட்ட வட்டமாகத் தடிக்கும்.

அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தார். அந்த அத்தை பார்த்த உடனே காணாக்கடி என்பார். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ பூச்சி கடித்துவிட்டதாம். தேயிலைக்குள் போனாயா என்று ஓர் அதட்டல். பிறகு கம்பளியை எடுத்து உடம்பு முழுக்கத் தேய்ப்பார். அரிக்கிற உடம்பில் முரட்டுக் கம்பளியைத் தேய்த்தால் எப்படி இருக்கும்? கத்தினால், விஷம் இறங்குகிறது என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார். பக்கத்து வீட்டில் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். உடனே அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர். நான் என்ன தின்றேன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியில் அத்தைதான் கண்டுபிடித்தார். மாமா வருகிற அன்றைக்குத்தான் எனக்குத் தடிக்கிறது. அதுவரை சரிதான். அதற்கு மேல்தான் வினை.

"ஏனம்மிணி, புள்ளை இல்லாதவரு கண்ணு. பட்டுருது. நாம என்ன பண்றது?" என்று அம்மாவிடம் சொன்னார். மாமா முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கிளம்பியவர், பிறகு மாதக்கணக்கில் வரவேயில்லை. எனக்கும் தடிக்கவில்லை. பார்த்தாயா என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். யார் அவரை மறுத்துப் பேசுவது? மாமா வேண்டுமென்று நான் அழுதால், அந்த அழுகைக்கும் கண்தான் காரணம் என்றார்.

அறுவடை முடிந்ததும் மாமா தன் காட்டில் விளைந்த கடலையை ஒரு பையில் போட்டு, தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். அத்தையே அதை வறுத்துச் சட்னி அரைத்தார். இரண்டாவது தோசை முடிவதற்குள் என் முகம் வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூச்சு இழுத்தது.

அத்தை பையை உற்றுப் பார்த்தார். "ஆளு வராட்டியும் கண்ணு பையோட வந்திருக்குது பாரு."

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஊசி போட்டு மூச்சு சீரானதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, என்ன சாப்பிட்டான் என்பதுதான். கடலைச் சட்னி என்று அம்மா சொன்னதும், அந்தக் கடலைதான் இவனுக்கு ஆகவில்லை என்றார்.

சேதி கேட்டு மறுநாளே மாமா வந்தார். அப்போதும் அத்தை விடவில்லை. கண்ணோ கடலையோ, கொண்டுவந்தது அவர்தானே என்றார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"எங் கையாலயே ஊட்டிருக்கறனே மாப்ளே," என்று என்னிடம் சொல்லிவிட்டு அழுதார்.

கண் பட்டதால் இல்லை, கடலையால்தான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இனி மாதாமாதம் வரலாம். பின் எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கொல்லைக் குழாய்க்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிவிட்டு மறுபடியும் சோப்பை எடுத்தார். அப்படியும் என்னைத் தொடாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் போனபின் நான் மட்டும் குழாயடிக்குப் போனேன். கல்லின் மேல் சோப்பு நுரை காயாமல் கிடந்தது. சில்லென்ற தண்ணீர் விரலைக் கடித்தது. அடுத்த தடவையாவது மாமா என்னைத் தொடட்டும் என்று, அவரைப் போலவே முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டேன்.